பின்சீட்டு

புதன்கிழமை சாயங்காலம் புனிதா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி நாற்காலி கேட்டாள்.

“ரெங்கா அண்ணே, பாஸ் வராராம். ஒங்க மர நாற்காலிய கொஞ்சம் குடுங்க. எங்க வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி அவரு வெயிட்டுக்குத் தாங்காது லா.”

“எதுக்கு வராரு? ஷோ ஞாயித்துக்கெழம தானே?”

“தெரியல அண்ணே. போன்ல சிரிச்சுக்கிட்டே பேசுனாரு. அவரு சிரிச்சா ஏதோ பெருசா கேக்கப் போறாருன்னு அர்த்தம்.”

நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு போனேன். அதோடு போனால் பேச்சையும் இருந்து கேட்டுவிட்டு வரலாம் என்ற எண்ணம்தான். கிள்ளானில் எங்கள் பிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யும் நாள் ஒரு திருநாள். புனிதாவும் அவள் புருஷன் முகுந்தனும் எனக்கு எதிர்வீடு. என்னிடம் ஒரு சின்ன லோரி இருக்கிறது. வார நாட்களில் போர்ட் கிள்ளான் கிடங்குகளிலிருந்து மஸ்ஜித் இந்தியா துணிக்கடைகளுக்கு மூட்டை ஏற்றுவேன். ஷோ உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் முகுந்தனின் மோட்டர் சைக்கிளை ஏற்றுவேன். அதற்குக் கூலி என்று நான் வாங்குவது புனிதா கட்டித் தரும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக்தான். அதோடு வைக்கும் மிளகாய்ச் சம்பலுக்காக ஜொகூர் வரைக்கும்கூட லோரியை ஓட்டலாம்.

முகுந்தனின் மோட்டர் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அது அவனுடையது இல்லை, கமலநாதனுடையது. மேரு ரோட்டில் மோட்டர் சாமான் கடை வைத்திருக்கும் கமலநாதன்தான் அந்த பாஸ், முகுந்தனுக்கு ஸ்பான்சர். மோட்டர், டயர், பெட்ரோல், ஷோவுக்குப் போடும் சிவப்புச் சட்டை எல்லாம் அவர் கொடுத்தவை. முகுந்தன் பகலில் கொண்டெய்னர் டிப்போவில் வெல்டர். நசுங்கி வரும் பெட்டிகளுக்கு இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பான். உள்ளே ஒரு மணி நேரம் இருந்தால் நமக்கெல்லாம் மூச்சு முட்டிவிடும், அப்படி ஒரு வெக்கை. அங்கே வெந்துவிட்டு வருகிறவனுக்கு மோட்டரில் ஏறி முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்திலேயே நின்று வட்டம் போடும்போதுதான் காற்று வருகிறது என்பான். பைத்தியக்காரன்தான். ஆனால் அவன் வட்டம் போடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த ஷோ எப்போது என்று கேட்காமல் போனதில்லை.

ஸ்பான்சர் கிடைப்பதற்கு முன்னால் அவன் புலாவ் இண்டாவில் ஆளில்லாத ரோட்டில் பழகிக்கொண்டிருந்தான். போலீஸ் துரத்திப் பிடித்து லோக்கப்பில் போட்டது, மோட்டரையும் எடுத்துக்கொண்டது. “அந்த சிவப்புச் சட்ட போட்டிருந்தா நான் ஸ்டன்ட் ரைடர் அண்ணே,” என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். “கழட்டிட்டா அதே ரோட்டுல நான் வெறும் ரெம்பிட், போலீஸ் தொரத்துற ரோட்டுப் பொறுக்கி.”

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். போன வருஷம் சிரம்பான் ஷோவில் முகுந்தன் விழுந்து காறையெலும்பை முறித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் போய் நின்றவர் கமலநாதன்தான். கஞ்சியை ஊதி ஊதிக் கரண்டியால் ஊட்டினார். அழுதார், என் கண்ணால் பார்த்தேன். அவரைக் கெட்ட மனுஷன் என்று யாராலும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எனக்கு இன்றைக்கும் இருக்கிற சங்கடம் அதுதான்.

அந்தப் புதன்கிழமை கமலநாதன் படியேறி மூச்சு வாங்க உள்ளே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, புனிதா கொடுத்த மைலோவை ஒரே மூச்சில் குடித்தார்.

“முகு, ஞாயித்துக்கெழம நம்ம புது சாமான் லான்ச். கமல் ஷைன். ஒரு தடவ ஸ்ப்ரே அடிச்சு தொடச்சா போதும், பழைய மோட்டர்கூட ஷோரூம்லேர்ந்து எறக்குன மாதிரி ஆயிடும். ஈப்போ, ஜொகூர், எல்லா எடத்துலேர்ந்தும் டீலருங்க வராங்க. நம்ம தொகுதி YB வராரு. சும்மா வழக்கமான ஷோ காட்டுனா பத்தாது.”

“சொல்லுங்க பாஸ். என்ன பண்ணலாம்?”

“நான் ஒன் பின்னால ஒக்காரப் போறேன்.”

முகுந்தன் சிரித்தான். பாஸ் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

“பின்னால ஒக்காந்து?”

“நீ முன் டயர தூக்குற. நான் பின்னால ஒக்காந்து ரெண்டு கையையும் விரிச்சு டாட்டா காட்டறேன். ஸ்பான்சர் தன் ரைடர எந்த அளவு நம்புறான்னு டீலர் பாக்கணும்டா. அதுக்கு மேல ஒரு விளம்பரம் வேணுமா? ஃபோர்மேன்கிட்ட சொல்லி பின்சீட்டு செய்யச் சொல்லிட்டேன். சிவப்பு லெதர்.”

புனிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் நெத்திலித் தட்டு. மறுநாள் விற்கிற நாசி லெமாக்குக்கு நெத்திலியில் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் பஸ் ஸ்டாப் பக்கத்தில் மேசை போட்டு விற்பது அவள் தொழில்.

“பாஸ், ஒங்களுக்கு பயமா இல்லையா?”

“எனக்கென்னம்மா பயம் தங்கச்சி? ஓட்டறது முகுந்தன்லா.”

“இல்ல பாஸ், ஒங்களுக்கு பிரஷரு கூட இருக்கு…”

“மாத்தர போட்டுட்டுத்தான் வருவேன்.” முகுந்தனின் தோளைத் தட்டினார். “இது மட்டும் நல்லபடியா நடக்கட்டும். பேங்காக் காம்பெட்டிஷனுக்கு ஒன்ன அனுப்புறேன். நானே ஒங்கூட வரேன். ஓகேவா?”

முகுந்தன் புனிதாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஓகே பாஸ் என்றான். வேறு என்னத்தைச் சொல்வான்? நான்கு வருஷமாக அவன் அவரிடம் சொல்லிப் பழகிய வார்த்தை அது ஒன்றுதான்.

அவர் இறங்கிப் போன பிறகு நான் நாற்காலியை எடுக்காமல் அதிலேயே உட்கார்ந்துகொண்டேன். புனிதா நெத்திலியைக் கிள்ளியபடி ஆரம்பித்தாள்.

“ஆள் பின்னால ஒக்காந்தா என்ன ஆவும்?”

“வெயிட்டு பின்னால போகும். முன் டயரு லேசா தூக்கிக்கும், அது நல்லதுதான்.”

“ரொம்ப தூக்கிக்கிச்சுன்னா?”

“பின் பிரேக் இருக்குல்ல. வலது கால லேசா அமுத்துனா முன்பக்கம் தானா எறங்கிரும். ஸ்டன்ட்ல அந்த ஒரு பிரேக்குதான் நமக்கு உசுரு.”

“அமுத்தியும் எறங்கலன்னா?”

“எறங்கும்.”

“எறங்கலன்னா என்ன ஆவும்னு கேக்கறேன்.”

“மல்லாக்க விழுவோம். அவரு அடியில, அவரு மேல நான், எனக்கு மேல மோட்டர். போதுமா? சோறு போடு.”

அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள். கத்திரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புலாவ் இண்டாவில் கமலநாதனுக்குத் தெரிந்த கிடங்கின் முற்றத்தில் ஒத்திகை. நான் லோரியில் மோட்டரைக் கொண்டுபோய் இறக்கினேன். சிவப்புச் சீட்டு பளிச்சென்று கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. கமலநாதன் ஏறினார். முகுந்தன் முதலில் சும்மா ஒரு சுற்றுப் போனான். அடுத்த சுற்றில் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கினான். பாஸ் “ஐயோ முருகா!” என்று அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“பாஸ், கைய விடுங்க! என் தோள புடிச்சு இழுக்காதீங்க! இடுப்ப மட்டும் புடிங்க!”

“விட்டா விழுந்துருவேன்டா!”

“இழுத்தாதான் பாஸ் விழுவோம்! என்னோடயே சாஞ்சு வாங்க, போதும்!”

இருட்டுவதற்குள் அவர் பழகிவிட்டார். கடைசிச் சுற்றில் சக்கரம் நன்றாக எழும்ப, ஒரு கையை விட்டு எனக்கு டாட்டா காட்டினார். இறங்கியவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகுந்தனைக் கட்டிப் பிடித்து அவன் தலையில் முத்தம் கொடுத்தார். வரும் வழியில் நிறுத்தி எங்களுக்குக் குச்சியில் சுட்ட சாத்தே வாங்கிக் கொடுத்தார். முகுந்தனும் சிரித்துச் சிரித்துப் பேசினான். எனக்கும் பயம் பாதி குறைந்தது.

புனிதாவுக்குக் குறையவில்லை. சனிக்கிழமை முழுவதும் அவள் மழையை வேண்டிக்கொண்டிருந்தாள். தரை ஈரமாக இருந்தால் ஷோ நடக்காது. மத்தியானம் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியபோது தாழ்வாரத்தில் வந்து நின்று வாளி வாளியாகக் கொட்டுவதைப் பார்த்துச் சிரித்தாள். “இப்படியே நாளைக்கும் ஊத்தணும் அண்ணே,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வானத்தில் துடைத்து வைத்தாற்போல் ஒரு மேகமும் இல்லை. எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது.

அவள் ஷோவுக்கு வருவதில்லை. சிரம்பானுக்குப் பிறகு வந்ததே இல்லை. அன்றைக்கு நான் லோரியைக் கிளப்பியபோது நாசி லெமாக் கூடையோடு வந்து நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முகுந்தன் அவள் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

ஒரு பேரங்காடியின் கார்பார்க்கைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். கூடாரம், பேனர், பேனரில் கமலநாதனின் சிரித்த முகம், கையில் ஸ்ப்ரே டப்பா. மோட்டரை இறக்கியதும் முகுந்தன் கூடாரத்துக்குப் பின்னால் ஓட்டிப் பார்த்தான். இரண்டு முறை சக்கரத்தைத் தூக்கினான், பின் பிரேக்கை அமுக்கி இறக்கினான். எல்லாம் சரியாக இருந்தது. உடனே யாரோ வந்து YBயோடு படம் எடுக்க அவனை இழுத்துப் போனார்கள். நானும் புனிதாவும் தே தாரேக் குடிக்கப் போனோம். அவள் குடிக்காமல், பிளாஸ்டிக் பையில் வாங்கிய தேநீரை ஆறவைத்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது மோட்டர் கண்ணைப் பறித்தது. டேங்க், சைலன்சர், சக்கரத்தின் கம்பி எல்லாம் மின்னின. பக்கத்தில் கமலநாதன் முழங்கையில் துண்டோடு, நெற்றியெல்லாம் வேர்வையோடு நின்றார். டீலர்கள் சுற்றி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நானே தொடச்சேன் ரெங்கா. பையன்கள தொட விடல. பாரு, எப்படி இருக்கு?”

நன்றாகத்தான் இருந்தது. ஒரு முதலாளி தரையில் குந்தி உட்கார்ந்து தன் கையால் துடைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மைக்கில் அறிவிப்பாளன் கத்த ஆரம்பித்துவிட்டான். முகுந்தன் ஓடி வந்து ஹெல்மெட்டை மாட்டி ஏறினான். கமலநாதன் பின்சீட்டில் ஏறினார். கூட்டம் விசிலடித்தது. புனிதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முகுந்தன் மெதுவாக நடுவே ஓட்டிப் போனான். அங்கே நின்று கூட்டத்துக்குக் கும்பிடு போடுவது வழக்கம். மோட்டர் நிற்கவில்லை. கும்பிடும் இடத்தைத் தாண்டி உருண்டு போய், முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்த பிறகு இழுத்துக்கொண்டே போய் நின்றது. அவன் மறுபடி கொஞ்சம் உருட்டினான். வலது கால் பெடலை அமுக்குவது எனக்குத் தெரிந்தது. மோட்டர் அதுபாட்டுக்குப் போனது. சுற்றி வளைத்து எங்கள் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். குனிந்து பின்சக்கரத்தின் பிரேக் டிஸ்க்கை விரலால் தொட்டான். விரலை முகர்ந்து பார்த்தான்.

“பாஸ், பின் பிரேக் இல்ல.”

“என்னடா இல்ல?”

“டிஸ்க்குல ஷைன் அடிச்சீங்களா?”

“அடிக்காம? ரெண்டு சக்கரத்துலயும் அடிச்சு நல்லா தேச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு.”

“அது வழுக்குது பாஸ். பிரேக் பேட்ல ஊறிருச்சு, புடிக்க மாட்டேங்குது. தொடச்சாலும் போகாது, பேட் மாத்தணும்.” அவன் குரல் தாழ்ந்தது. “கடைய தெறந்து ஒரு செட் கொண்டாரச் சொல்லுங்க. டிஸ்க்க கழுவி நானே மாத்திடறேன். அரை மணி நேரம்தான்.”

கமலநாதன் கூடாரத்தைப் பார்த்தார். YB கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீலர்கள் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

“அரை மணியா? YB கெளம்பிருவாரு லா. டீலருங்க கேட்டா என்னன்னு சொல்றது? என் சாமானே என் மோட்டர் பிரேக்க தின்னுருச்சுன்னா?”

“பிரேக் இல்லாம தூக்க முடியாது பாஸ்.”

பிறகு முகுந்தனின் இடுப்பிலிருந்த கை விலகியது. ஒரு காலைத் தரையில் ஊன்றினார், இன்னொரு காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்து முழங்காலைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறது என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துச் சிரித்தார். சிரித்த முகம் மாறாமலே குனிந்து முகுந்தன் காதருகே சொன்னார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கும் கேட்டது.

“நான் எறங்கிக்கறேன். நீ மட்டும் ஒண்ணு தூக்கிக் காட்டிரு. சின்னதா. ஒன்னால முடியும் முகு.”

லோரிச் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன், அது உள்ளங்கையில் பதிந்ததுகூடத் தெரியவில்லை. முகுந்தன் ஓகே பாஸ் என்று சொல்லவில்லை. ஆனால் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கினான். கிளட்சைப் பிடித்தான். இன்ஜின் உறுமியது. அவன் போகப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் கயிறு ஆடியது. புனிதா கயிற்றுக்கடியில் நுழைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள். சம்பல் கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய், சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிவப்புச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட் இல்லை. கூட்டம் இதுவும் ஷோவில் ஒன்று என்று நினைத்து இன்னும் பலமாக விசிலடித்தது. அறிவிப்பாளன் “வாவ், சர்ப்ரைஸ்!” என்று மைக்கில் கூவினான்.

“எறங்கு புனிதா.”

“பாஸ் எறங்கிட்டாரு. எடம் காலியாத்தானே இருக்கு? ஓட்டுங்க.”

“ஒனக்கு பைத்தியமா?”

“சின்னதா ஒண்ணுதானே? தூக்குங்க, பாப்போம்.”

அவள் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டாள். முகுந்தன் அவள் கையை விலக்கப் பார்த்தான், வரவில்லை. இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கமலநாதனின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“தங்கச்சி, எறங்கும்மா! ஐயோ, பிரேக்கு இல்லம்மா! உசுருக்கு ஆபத்து லா!”

முகுந்தன் சாவியைத் திருகினான். இன்ஜின் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தான். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது.

“ஆபத்துன்னு இப்பத்தான் பாஸ் சொல்றீங்க,” என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் கமலநாதன் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவன் ஏதோ இதுவரை தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டவன் மாதிரி மெதுவாகச் சொன்னான். கமலநாதனின் கண் கலங்கியது. அது உண்மையான கலக்கம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. முகுந்தன் மோட்டர் சாவியை அவர் கையில் வைத்தான்.

புனிதாவால் இறங்க முடியவில்லை. கோத்த விரல்கள் அப்படியே இறுகிப் போயிருந்தன. முகுந்தன்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவளைத் தூக்கி இறக்கினான். விசிலடித்த கூட்டம் சத்தமில்லாமல் எங்களுக்கு வழி விட்டது. பின்னால் மைக்கில் அறிவிப்பாளன் மோட்டருக்கு ஏதோ சின்னப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் எங்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

லோரியில் மூவரும் ஏறினோம். பின்னால் மோட்டர் இல்லாததால் லோரி ஒவ்வொரு குழியிலும் தூக்கித் தூக்கிப் போட்டது. புனிதாவின் மடியில் நாசி லெமாக் கூடை திறக்காமலே இருந்தது. நாளையிலிருந்து இவன் என்ன செய்வான், பேங்காக் என்ன ஆகும், டிப்போவின் வெக்கையிலிருந்து வெளியே வந்து எங்கே போய் மூச்சு விடுவான் என்றெல்லாம் நான் நினைத்துக்கொண்டே ஓட்டினேன். லோரி கோத்தா பாலம் ஏறி இறங்கியது.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் புனிதா. “நான் வரலன்னா தூக்கியிருப்பீங்களா?”

முகுந்தன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னலில் நான் லோரியை நிறுத்தினேன்.

“தூக்கியிருப்பேன்,” என்றான்.

“தெரியும்,” என்றாள் அவள். “அதனாலதான் ஏறுனேன்.”